கட்டப்பட்டவர்களுக்காக ஜெபிக்க ஒரு குழு: வேலூர்ப் பக்கத்துச் சபைகளுக்குச் சில நடைமுறைகள்

ஞாயிறு ஆராதனையில் மன்றாட்டு ஜெபம் ஏறெடுக்கும்போது மழைக்கு, வியாதியஸ்தருக்கு, பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்கு என்று வரிசையாக ஜெபித்துவிட்டு, கடைசியில் “உலகமெங்கும் உபத்திரவப்படுகிற உம்முடைய ஜனங்களை நினைத்தருளும்” என்று ஒரு வரி வரும். சபையும் ஆமென் சொல்லும். அந்த வரியில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் யார், எந்த ஊர், என்ன கஷ்டம் என்பது ஆமென் சொன்ன ஒருவருக்கும் தெரியாது.

ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவருக்காக வேலூர்க்காரர்கள் இப்படி ஜெபிப்பதில்லை. எந்த வார்டு, என்ன ஆபரேஷன், எத்தனை மணிக்கு உள்ளே கொண்டுபோகிறார்கள், ரத்தம் கொடுக்க ஆள் கிடைத்ததா, கூட இருப்பவர் சாப்பிட்டாரா என்று அத்தனையும் விசாரித்துவிட்டுத்தான் முழங்கால் போடுவோம். சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி) இருக்கிற ஊரில் வளர்ந்தவர்களுக்கு இது யாரும் சொல்லிக்கொடுக்காமலே வரும். விசுவாசத்துக்காகச் சிறையில் இருக்கிறவர்களையும் இதே மாதிரி விசாரித்து ஜெபிக்க வேண்டும். கீழே உள்ளவை எல்லாம் அந்த விசாரிப்பை எப்படிச் செய்வது என்பதைப் பற்றியவை.

ஒரு நாடு, மூன்று மாதம்

ஆறு முதல் பன்னிரண்டு பேர் போதும். அதற்கு மேல் போனால் வாய் திறந்து ஜெபிக்காமலே சிலர் வீட்டுக்குப் போய்விடுவார்கள். வாரம் ஒரு நாள், ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரே ஒரு நாடு. ஐம்பது நாடுகளின் பட்டியலைக் கையில் கொடுத்து ஒரே இரவில் ஜெபிக்கச் சொன்னால் நாட்டுக்கு ஒரு நிமிடம்தான் கிடைக்கும், மறுநாள் காலையில் ஒரு பெயரும் நினைவிருக்காது. ஒரே நாட்டோடு பன்னிரண்டு பதின்மூன்று வாரம் இருந்தால் அந்த ஊர்ப் பெயர்கள் நாக்கில் பழகிவிடும், அங்கிருந்து வரும் செய்தியைத் தேட ஆரம்பித்துவிடுவீர்கள்.

ஒடுக்கும் அரசுகள் எல்லாம் ஒரே மாதிரி ஒடுக்குவதில்லை. எங்கே எப்படி நெருக்குகிறார்கள் என்று தெரிந்தால்தான் என்ன கேட்பது என்று தெரியும். முதல் வருடத்துக்கு ஏற்ற நான்கு நாடுகளைச் சொல்கிறோம்.

எரித்ரியாவில் 2002 மே மாதம் அரசு நான்கே நான்கு மத அமைப்புகளுக்கு மட்டும் அனுமதி கொடுத்தது: ஆர்த்தடாக்ஸ், கத்தோலிக்க, லுத்தரன் சபைகள், சுன்னி இஸ்லாம். மற்ற சபைகள் எல்லாம் பூட்டப்பட்டன. வீட்டில் கூடி ஜெபித்தால் கைது. குற்றச்சாட்டும் கிடையாது, விசாரணையும் கிடையாது, எத்தனை வருடம் என்ற கணக்கும் கிடையாது. 2004 மே மாதம் பிடிக்கப்பட்ட முழு சுவிசேஷ சபைத் தலைவர்கள் ஹைலே நாய்ஸ்கி, கிஃப்லு கெப்ரெமெஸ்கெல் இருவர் மேலும் இருபது வருடம் கடந்தும் ஒரு வழக்குகூடப் பதிவாகவில்லை. “விசுவாசத்தை விட்டுவிட்டேன்” என்று ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டால் விடுகிறார்கள். அனுமதி பெற்ற சபைக்கும் நிம்மதி இல்லை. அரசின் தலையீட்டை எதிர்த்த ஆர்த்தடாக்ஸ் பேராயர் அந்தோனியோஸ் பதவி பறிக்கப்பட்டு, 2007 முதல் வீட்டுக்காவலில் இருந்து, 2022 பிப்ரவரியில் அங்கேயே காலமானார்.

ஈரானில் நிலைமை வேறு. அங்கே சட்டம், நீதிமன்றம், வக்கீல் எல்லாம் உண்டு. அவற்றை வைத்தே நெருக்குகிறார்கள். ஆர்மீனிய, அசீரியக் கிறிஸ்தவர்களை அரசியல் சட்டம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஆனால் பாரசீக மொழியில் ஆராதனை நடத்தினாலோ, இஸ்லாமிலிருந்து வந்தவர் வீட்டில் சபை கூடினாலோ “தேசப் பாதுகாப்புக்கு எதிரான செயல்” என்று வழக்கு. ஜாமீன் தொகை மிகப் பெரியது. உறவினர்கள் வீட்டுப் பத்திரத்தைக் கொண்டுபோய் வைக்கிறார்கள். தண்டனை முடிந்த பிறகும் வெளிநாடு போகத் தடை, நாட்டுக்குள்ளேயே தூரத்து ஊருக்கு அனுப்பிவைப்பது என்று தொடரும்.

சீனாவில் அரசிடம் பதிவு செய்த சபைகள் உண்டு, பதியாத வீட்டுச் சபைகளும் உண்டு. நெருக்கடி பெரும்பாலும் பதியாதவர்களுக்கு. வீட்டு உரிமையாளரை மிரட்டி இடத்தைக் காலி செய்ய வைப்பது, மின்சாரத்தை வெட்டுவது, 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களை ஆலயத்துக்குள் விடாதது என்று படிப்படியாக இறுக்குவார்கள். செங்டு நகரத்தின் ‘ஏர்லி ரெயின்’ சபையை 2018 டிசம்பர் 9, ஞாயிற்றுக்கிழமை சுற்றி வளைத்து நூற்றுக்கும் மேற்பட்டோரைப் பிடித்தார்கள். அதன் போதகர் வாங் யீக்கு மறுவருடம் டிசம்பர் 30 அன்று ஒன்பது வருடச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

வடகொரியாவுக்காக ஜெபிப்பதுதான் எல்லாவற்றிலும் கடினம். உள்ளே இருக்கிற விசுவாசிகளின் பெயர் நமக்குத் தெரியாது. தெரிந்தால் அவர்களுக்கு ஆபத்து. ஒருவர் பிடிபட்டால் குடும்பத்தையே முகாமுக்கு அனுப்பும் வழக்கம் அங்கே உண்டு. 1907-இல் பெரிய எழுப்புதலைக் கண்டு ‘கிழக்கின் எருசலேம்’ என்று பெயர் வாங்கிய பியோங்யாங் நகரம்தான் இன்று இப்படி இருக்கிறது. வெளியே தெரிந்த பெயர் ஒன்று: 2013 அக்டோபரில் கைதாகி, மறுவருடம் ஆயுள் முழுவதும் கடின உழைப்புத் தண்டனை பெற்ற தென்கொரிய மிஷனெரி கிம் ஜங் உக். அந்நாட்டு அதிபரின் பெயர் கிம் ஜங் உன். ஓர் எழுத்துதான் வித்தியாசம் என்பதால் ஜெபத்தில் அடிக்கடி மாறிப்போகும். பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள்.

ஒரு பக்கத் தாள்

ஒவ்வொரு வாரமும் ஒருவர் ஒரே ஒரு பக்கம் தயார் செய்ய வேண்டும். நாடு, தலைநகர், அங்கே இப்போது மணி என்ன. ஒரு கைதியின் பெயர், கைதான தேதி, என்ன காரணம் சொன்னார்கள், எந்தச் சிறை, உடல்நிலை, குடும்பம். அவரோ அவர் சபையோ எதற்காக ஜெபிக்கச் சொன்னார்கள். கடைசியில் சொன்னதுதான் முக்கியம். நாம் பெரும்பாலும் “விடுதலையாக வேண்டும்” என்று மட்டும் கேட்கிறோம். அவர்களோ “உறுதியாக நிற்க” என்றும், “பிள்ளைகள் மனக்கசப்பு இல்லாமல் வளர” என்றும் கேட்டிருப்பார்கள்.

செய்தியைச் சரிபார்க்காமல் தாளில் ஏற்றாதீர்கள். “ஆப்கானிஸ்தானில் 22 மிஷனெரிகளுக்கு நாளை மதியம் மரண தண்டனை, உடனே எல்லாருக்கும் அனுப்புங்கள்” என்ற செய்தி உங்கள் வாட்ஸ்அப்பிலும் வந்திருக்கும். பல வருடங்களாக அதே செய்தி எண்ணிக்கை மட்டும் மாறிச் சுற்றிக்கொண்டிருக்கிறது, அது பொய். நிஜத்தில் நடந்தது 2007 ஜூலையில்: தென்கொரியச் சபை ஒன்றிலிருந்து போன 23 பேரைத் தலிபான்கள் பிடித்தார்கள். இரண்டு பேரைக் கொன்றார்கள், மீதிப் பேரை ஆகஸ்டு முடிவதற்குள் விட்டுவிட்டார்கள். பொய்ச் செய்தியால் என்ன கெட்டுப்போகும் என்று சிலர் கேட்பார்கள். ஒரு மனுஷி அழுது ஜெபித்த பிறகு அது பொய் என்று தெரிந்தால், அடுத்த முறை உண்மையான கைதியின் பெயரைச் சொல்லும்போது அந்த மனுஷிக்கு மனசு வராது.

சரிபார்க்க மூன்று கேள்வி போதும். தேதி இருக்கிறதா? ஊரும் ஆள் பெயரும் இருக்கிறதா? ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு இடங்களில் வந்திருக்கிறதா? “நாளை”, “இன்றிரவு”, “உடனே பகிருங்கள்” என்று இருந்து தேதி மட்டும் இல்லையென்றால் அந்தச் செய்தியை ஒதுக்கிவிடுங்கள்.

அந்த ஒரு மணி நேரம்

முதல் 5 நிமிடம் சங்கீதம் வாசியுங்கள். 10, 44, 94 மூன்றும் இதற்கென்றே எழுதினது போல இருக்கும். அடுத்த 10 நிமிடம் தாளை வாசித்து விளக்குங்கள். 5 நிமிடம் அமைதி. பிறகு 30 நிமிடம் ஜெபம், மூன்று சுற்றாக: கைதிக்கு ஒரு சுற்று, குடும்பத்துக்கும் சபைக்கும் ஒரு சுற்று, அந்த நாட்டுக்கு ஒரு சுற்று. துன்பப்படுத்துகிறவர்களுக்காகத் தனியே 5 நிமிடம். கடைசி 5 நிமிடத்தில் நோட்டில் எழுதி, கர்த்தருடைய ஜெபத்தோடு முடியுங்கள்.

இதில் இரண்டு இடத்தில் தவறும். ஒன்று, தாளை விளக்குகிறவர் 25 நிமிடம் பேசிவிடுவார். விஷயம் நன்றாகத் தெரிந்தவர்களுக்குத்தான் இந்தச் சோதனை. பத்தாவது நிமிடத்தில் பாட்டு ஆரம்பிக்க ஒருவரை நியமித்துவிட்டால் தீர்ந்தது. இன்னொன்று, முதலில் ஜெபிக்கிறவர் எல்லாக் குறிப்பையும் தானே ஜெபித்துவிடுவார், மற்றவர்களுக்கு ஒன்றும் மிஞ்சாது. அதற்குச் சீட்டு முறைதான் வழி. தாளில் உள்ள குறிப்புகளைப் பத்துப் பன்னிரண்டு துண்டுச் சீட்டில் எழுதி ஆளுக்கு ஒன்று கொடுங்கள். ஒருவருக்கு ஒரு குறிப்பு, இரண்டு நிமிடத்துக்குள். பெரிய ஜெபம் பண்ணத் தெரியாது என்று ஒதுங்கும் பாட்டியும், பிளஸ் ஒன் படிக்கும் பையனும் சீட்டு கையில் இருந்தால் ஜெபிப்பார்கள்.

சீட்டில் இப்படி எழுதலாம்: “ஈரான். ஜாமீனுக்காக மாமனார் தன் வீட்டுப் பத்திரத்தை வைத்திருக்கிறார். அந்தப் பெரியவருக்குப் பயமில்லாத தூக்கம் வேண்டும்.” ஒரே விஷயம், மூன்று சின்ன வாக்கியம். இதைக் கையில் வைத்திருக்கிறவர் “ஆண்டவரே, அந்த ஐயா மருமகனுக்காகத் தன் வீட்டையே வைத்திருக்கிறார். அவரும் ராத்திரி கதவு தட்டும் சத்தத்துக்குப் பயப்படுகிற மனுஷர்தான். இன்றைக்கு ராத்திரி அவருக்கு நல்ல தூக்கத்தைக் கொடும்” என்று ஜெபித்து உட்கார்ந்தால் போதும். அதற்கு மேல் அலங்காரம் வேண்டாம்.

கத்தோலிக்கக் குழுக்கள் செபமாலையின் ஐந்து மறைபொருள்களுக்கும் ஒவ்வொரு கருத்தாக வைத்துக்கொள்ளலாம். தாள், சீட்டு, நோட்டு மூன்றும் அப்படியே பொருந்தும்.

கூடும் நேரத்தை நம் வசதிக்குத்தான் வைக்க வேண்டும். ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் ஷூ கம்பெனிக்கும் தோல் ஷாப்புக்கும் போகிறவர்கள் வீட்டுக்கு வந்து சாப்பிட்டு முடிக்க எட்டரை ஆகிவிடும். இரவு 9 மணிதான் அவர்களுக்குச் சரி. நமக்கு இரவு 9 என்றால் எரித்ரியாவின் அஸ்மாராவில் மாலை 6.30, தெஹ்ரானில் இரவு 7, செங்டுவில் 11.30, பியோங்யாங்கில் நள்ளிரவு தாண்டி 12.30. விடியற்காலை 4.30-க்கு எழுந்து ஜெபிக்கிறவர்கள் சீனாவில் காலை 7, வடகொரியாவில் காலை 8 என்று நினைத்துக்கொள்ளலாம். அங்கே அப்போது வேலைக்குக் கிளம்புகிற நேரம். இதைத் தாளின் மேலே எழுதிவைத்தால் “இந்த நேரத்தில் அவர் என்ன செய்துகொண்டிருப்பார்” என்ற எண்ணம் தானாக வரும். ஈரானில் வார விடுமுறை வெள்ளிக்கிழமை என்பதால் அவர்களுக்காக வியாழன் இரவோ வெள்ளியோ கூடுவது பொருத்தம்.

வருடத்துக்கு ஒரு முறை சங்கிலி ஜெபம் வையுங்கள். 1996-இல் ஆரம்பித்த, உபத்திரவப்படும் சபைகளுக்கான உலக ஜெப நாள் நவம்பர் மாத ஞாயிறு ஒன்றில் அனுசரிக்கப்படுகிறது, பல நாடுகளில் முதல் ஞாயிறு. நம் பக்கம் அது அடைமழைக் காலம், பந்தலில் வைக்காதீர்கள். தகரக் கூரை ஹாலிலும் வேண்டாம், மழைச் சத்தத்தில் ஒரு வார்த்தையும் கேட்காது. 24 மணி நேரத்தை அரை மணி நேரமாகப் பிரித்தால் 48 பங்கு. 48 பேர் கிடைக்காவிட்டால் 24 பேர் இரண்டு முறை. சங்கிலி அறுவது பெரும்பாலும் இரவு 2 முதல் 4 வரை. அந்தப் பங்குகளைத் தனி ஆளுக்குக் கொடுக்காமல் கணவன் மனைவியாகக் கொடுங்கள். முடிக்கிறவர் அடுத்தவருக்குப் போன் செய்து, அவர் எடுத்துப் பேசின பிறகுதான் எழுந்திருக்க வேண்டும். மெசேஜ் போட்டுவிட்டுப் படுத்தால் அடுத்தவர் தூங்கியே போயிருப்பார். எடுக்காவிட்டால் கூப்பிட இரண்டு மாற்று ஆட்கள் பட்டியலில் இருக்கட்டும்.

எதைக் கேட்பது

அப்போஸ்தலர் 12-ஆம் அதிகாரத்தை முதல் வாரமே குழுவாக உட்கார்ந்து வாசித்துவிடுங்கள். ஏரோது யாக்கோபைப் பட்டயத்தால் கொன்றான். அதே அதிகாரத்தில் பேதுருவைத் தூதன் வெளியே கொண்டுவருகிறான். ஒரே சபை, ஒரே ராஜா, இரண்டு முடிவு. இதை ஒத்துக்கொள்ளாமல் ஆரம்பிக்கிற குழு, ஜெபித்த கைதி இறந்துபோன செய்தி வந்ததும் உடைந்துபோகும். ஈரானில் மெஹ்தி திபாஜ் பல வருடச் சிறைக்குப் பிறகு மரண தண்டனையிலிருந்து தப்பி 1994 ஜனவரியில் விடுதலையானார். அவருக்காகக் குரல் கொடுத்த பேராயர் ஹைக் ஹோவ்செபியன் அதே மாதத்தில் கொலையானார். சில மாதத்தில் திபாஜும் கொல்லப்பட்டார். “முப்பது நாளில் வெளியே வருவார் என்று கர்த்தர் சொன்னார்” என்று குழுவில் யாராவது சொன்னால், நோட்டில் எழுத வேண்டாம், மற்றவர்களுக்குப் பரப்பவும் வேண்டாம். விடுதலைக்காகத் தைரியமாகக் கேளுங்கள், தேதி குறிக்காதீர்கள்.

அப்போஸ்தலர் 4-இல் மிரட்டப்பட்டுத் திரும்பி வந்த சபை, மிரட்டல் நிற்க வேண்டும் என்று கேட்கவில்லை. தைரியமாய்ப் பேச வேண்டும் என்று கேட்டது. பவுல் சிறையிலிருந்து எபேசியருக்கு எழுதும்போதும் கேட்டது அதையே. ஆனால் அதே பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் கடைசி அதிகாரத்தைப் பாருங்கள். துரோவாவில் விட்டுவந்த மேலங்கியைக் கொண்டுவரச் சொல்கிறார், புஸ்தகங்களைக் கேட்கிறார், குளிர்காலத்துக்கு முன்னே வரச் சொல்கிறார். சிறையில் இருக்கிறவனுக்குப் போர்வை ஒரு ஆவிக்குரிய தேவை. எரேமியாவைக் குழியிலிருந்து தூக்கிய எபெத்மெலேக்கு கயிறு அக்குளை அறுக்காதபடி கந்தைத் துணிகளையும் சேர்த்து இறக்கினான். அந்தக் கந்தைத் துணி அளவுக்கு நம் ஜெபமும் இறங்க வேண்டும்: பல்வலிக்கு மருந்து, சர்க்கரை நோய்க்காரருக்கு மாத்திரை, மூக்குக் கண்ணாடி, காற்று வரும் பக்கம் படுக்க இடம், நல்ல குணமுள்ள காவலர் ஒருவர்.

எதைக் கேட்பது என்று தெரியாவிட்டால் நம் தொரப்பாடி மத்திய சிறை வாசலை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே ஊழியத்துக்குப் போகிறவர்களை ஒரு வாரம் கூப்பிட்டுப் பேசச் சொல்லலாம். மனு போட்டுப் பார்க்க வருகிற குடும்பம் எவ்வளவு தூரத்திலிருந்து வருகிறது, பஸ் காசு எவ்வளவு, எத்தனை நிமிடம் பார்க்கிறார்கள், பார்த்துவிட்டுப் போகும்போது பிள்ளை என்ன கேட்கிறது என்று அவர்கள் சொல்வார்கள். குற்றம் செய்தவர் குடும்பத்துக்கே இவ்வளவு பாடு என்றால், ஜெபித்ததற்காக உள்ளே போனவரின் மனைவிக்கு என்ன பாடு என்பது அப்போது விளங்கும். எரித்ரியாவில் அந்த மனுப் போடும் வசதிகூடப் பலருக்குக் கிடையாது. கணவர் உயிரோடு இருக்கிறாரா என்பதே தெரியாமல் வருடக்கணக்கில் இருக்கிறார்கள்.

குழுக்கள் பெரும்பாலும் மறந்துவிடுகிறவர்கள் இரண்டு பேர். ஒருவர், கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தவர். அவரைத் துரோகி என்று பேசாதீர்கள். மூன்று தரம் மறுதலித்த பேதுருவுக்குத் திபேரியா கடற்கரையில் ஆண்டவர் கரிநெருப்பு மூட்டி, மீனும் அப்பமும் வைத்துக் காத்திருந்தார். கையெழுத்துப் போட்டவர் ராத்திரியில் என்ன நினைப்போடு படுக்கிறார் என்று யோசித்து அவருக்காக ஒரு சீட்டு எழுதுங்கள். இன்னொருவர், காட்டிக்கொடுத்தவர். வீட்டுச் சபைக்குள் ஒருவர் போலீசுக்குச் சொல்லிவிட்டார் என்று தெரிந்தால், சிறையைவிட அந்தச் சந்தேகம்தான் சபையை அதிகமாக உடைக்கும். அவர்கள் மறுபடியும் ஒருவரை ஒருவர் நம்ப வேண்டும் என்று கேளுங்கள்.

துன்பப்படுத்துகிற அதிகாரி, நீதிபதி, சிறைக் காவலருக்காக ஜெபிக்கும் 5 நிமிடத்தை நேரமில்லை என்று தள்ளாதீர்கள். முதலில் வெட்டுப்படுவது அதுதான். “அவர்களை அழித்துப்போடும்” என்று ஒருவர் உரக்க ஜெபிக்கவும் கூடும். பழிவாங்கும் சங்கீதங்கள் வேதத்தில் இருப்பது உண்மைதான், பாடுபட்டவர் வாயிலிருந்து அவை வந்தன. நாம் சாப்பிட்டுவிட்டு மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து அதைச் சொல்வது வேறு. சபையைத் துன்பப்படுத்தின சவுலுக்காக ஜெபிக்க அனனியாவும் முதலில் தயங்கினான்.

தரையில் ஒரு கோடு

எரித்ரியாவுக்காக ஜெபிக்கும் மாதங்களில் இதை ஒரே ஒரு முறை செய்யலாம். அஸ்மாராவுக்குப் பக்கத்தில் உள்ள மாய் செர்வா போன்ற ராணுவ முகாம்களில் கைதிகளைச் சரக்குக் கப்பலில் போகும் இரும்புக் கன்டெய்னர்களில் அடைக்கிறார்கள். ராணிப்பேட்டை, ஆம்பூர்க்காரர்களுக்குக் கன்டெய்னர் தெரியாத பொருள் அல்ல. தோலும் ஷூவும் அதில்தான் சென்னைத் துறைமுகத்துக்குப் போகின்றன. 20 அடிக் கன்டெய்னர் ஒன்றின் அளவு 20 அடி நீளம், 8 அடி அகலம். ஹால் தரையில் சாக்பீஸால் அந்த அளவுக்குக் கோடு போடுங்கள். குழு முழுவதும் அதற்குள் உட்காரட்டும். பன்னிரண்டு பேர் சரியாக உட்காரலாம். அதற்குள் இருபது பேர் வரை இருந்ததாக வெளியே வந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள்; இருபது பேரும் கால் நீட்டிப் படுக்க வழி இருக்கிறதா என்று பாருங்கள். கழிப்பதற்கான வாளியை வைக்க ஒரு மூலை வேண்டும். ஜன்னல் கிடையாது. வேலூர் மே மாதத்தில் தகரக் கூரை எப்படிக் கொதிக்கும் என்று நமக்குச் சொல்லவேண்டியதில்லை. அஸ்மாரா கடல்மட்டத்துக்கு மேல் 2,300 மீட்டர் உயரத்தில் இருப்பதால் பகலில் கொதித்த அதே இரும்பு ராத்திரியில் ஐஸ் போலக் குளிரும்.

பத்து நிமிடம் பேசாமல் உட்காருங்கள், பிறகு அங்கிருந்தே ஜெபியுங்கள். இதைத் தாண்டி வேண்டாம். விளக்கை அணைப்பது, கையைக் கட்டுவது, அழுகிற பின்னணி இசை போடுவது, வாலிபர்களைக் காவலர் வேஷம் போடவைப்பது எல்லாம் மற்றவர் பாட்டை நாடகமாக்கிவிடும். பன்னிரண்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்குக் கோட்டைக் காட்டி “இவ்வளவுதான் இடம்” என்று சொன்னாலே போதும்.

நாவடக்கம்

ஈரானுக்காக ஜெபிக்கும்போது ஸ்பீக்கர் வைக்காதீர்கள். வாணியம்பாடி, ஆம்பூர், மேல்விஷாரத்தில் பக்கத்து வீட்டுப் பாய் நமக்குத் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தவர். தெஹ்ரான் அரசு செய்வதற்கு அவர் பொறுப்பல்ல. ஈரானில் பஹாய் என்ற சிறுபான்மை மதத்தினரும் அதே சிறைகளில் இருக்கிறார்கள் என்பதையும், எரித்ரியா, சீனா, வடகொரியா மூன்றும் இஸ்லாமிய அரசுகள் அல்ல என்பதையும் தாளில் ஒரு வரியாவது எழுதுங்கள். “அரசு”, “அதிகாரி”, “சட்டம்” என்று சொல்லுங்கள். மதத்தின் பெயரையோ மக்களின் பெயரையோ சொல்லிச் சாடினால் ஜெபக் கூட்டம் வேறு கூட்டமாகிவிடும்.

வேலூருக்கு வைத்தியத்துக்காக மிசோரம், நாகாலாந்திலிருந்து நிறையப் பேர் வந்து லாட்ஜில் தங்குகிறார்கள். மிசோ மக்களும் மியான்மரின் சின் மக்களும் ஒரே இனம். மியான்மர் ராணுவத்தால் சின் மாநிலத்தில் ஆலயங்கள் எரிந்ததைப் பற்றி உறவினர் மூலமாகவே அறிந்தவர்கள் நம் ஆலயத்தில் வந்து உட்கார்ந்திருக்கலாம். அவர்களை அழைத்துப் பேசச் சொன்னால் நல்லது. ஆனால் எல்லையின் அந்தப் பக்கம் இருக்கிற உறவினர் பெயரையோ ஊரையோ கேட்காதீர்கள். போட்டோ வேண்டாம், யூடியூப் நேரலை வேண்டாம், சபை மாத இதழிலும் போட வேண்டாம். ஆராதனையை நேரலை செய்கிற சபைகள் அந்தப் பத்து நிமிடத்துக்குக் கேமராவை நிறுத்திவிட்டதை ஒருவர் எழுந்துபோய் உறுதிப்படுத்த வேண்டும்.

பொதுவான விதி இது: குடும்பமோ சபையோ தாங்களே வெளியிட்ட பெயரைச் சொல்லலாம். வாங் யீ பெயரை அவர் சபையே உலகுக்குச் சொன்னது. வாய்மொழியாக நமக்கு மட்டும் வந்த பெயரைச் “சகோதரி எம்.” என்று முதல் எழுத்தோடு நிறுத்துங்கள். ஆண்டவருக்கு முழுப் பெயர் தெரியும்.

கைதிக்குக் கடிதம் எழுத ஆசைப்படுவார்கள். அவருக்கு எழுதலாம் என்று குடும்பமோ வக்கீலோ முகவரி வெளியிட்டிருந்தால் மட்டும் எழுதுங்கள். சாதாரண அஞ்சல் அட்டை, ஐந்தாறு வரி, எளிய ஆங்கிலமோ அந்த ஊர் மொழியோ. அரசைப் பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம், எந்த அமைப்பின் பெயரும் வேண்டாம், பணம் வைக்காதீர்கள். பிள்ளைகள் வரைந்த படம் நல்லது. மாமரம், கோட்டை அகழி, மாடு எதுவானாலும் சரி. பதில் வராது என்று பிள்ளைகளுக்கு முதலிலேயே சொல்லிவிடுங்கள். கடிதம் கைதியின் கைக்குப் போகாவிட்டாலும், அவருக்குக் கடிதம் வருகிறது என்பது சிறை அலுவலகத்துக்குத் தெரியும்.

நோட்டு

நீளமான கணக்கு நோட்டு ஒன்று வாங்குங்கள். நான்கு பத்தி: தேதி, பெயர் அல்லது முதல் எழுத்து, கேட்டது, பிறகு தெரியவந்தது. நான்காவது பத்தி பல பக்கம் காலியாகவே இருக்கும். அதைப் பார்த்துச் சோர்ந்துபோய் ஐந்தாறு வாரத்தில் குழு கலைவதுதான் வழக்கம். அதனால் மாதத்தின் கடைசி வாரத்தில் புதுத் தாள் எடுக்காமல், பழைய பக்கங்களைத் திருப்பி அதே பெயர்களுக்காக மறுபடியும் ஜெபியுங்கள். மூன்று மாதம் முடிந்து அடுத்த நாட்டுக்குப் போகும்போது, பழைய நாட்டிலிருந்து ஒரு பெயரையாவது கூடவே எடுத்துச் செல்லுங்கள்.

விடுதலையானவரின் பெயரையும் அடிக்க வேண்டாம். ஈரானின் ரஷ்ட் நகரப் போதகர் யூசெஃப் நாதர்கானிக்கு 2010-இல் மரண தண்டனை விதித்தார்கள். உலகமெங்கும் சபைகள் அவருக்காக ஜெபித்தன, 2012 செப்டம்பரில் வெளியே வந்தார், அதோடு பல சபைகள் அவரை மறந்தன. 2018 ஜூலையில் மறுபடியும் சிறைக்குக் கொண்டுபோனார்கள். வெளியே வந்தவருக்கு வேலை கிடைக்காது, தூக்கம் வராது, போன் மணி அடித்தாலே நெஞ்சு படபடக்கும். அந்த வரிக்குப் பக்கத்தில் வெளியே வந்த தேதியைச் சிவப்பு மையில் எழுதி, அதற்குக் கீழே “இன்னும் ஒரு வருடம்” என்று குறித்து, அடுத்த வாரச் சீட்டில் அவர் பெயரையும் சேர்த்துவிடுங்கள்.